கிருமியைக் கொன்றால் மட்டும் போதுமா?

(ஆதரவாளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரியின் தோல் நோய்ப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் கண் டாக்டர் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். கட்டைப் பிரித்ததும் பாட்டிக்குப் பேரப்பிள்ளையின் முகம் தெரிந்தது என்று அவர் சொல்வார். கேட்கிற நமக்கு நெஞ்சு நிறைந்துபோகும். தோல் பிரிவில் அப்படிப்பட்ட காட்சி கிடையாது. போன மாதம் வந்த பிள்ளை இந்த மாதமும் வரும், அடுத்த மாதமும் வரும். கொஞ்சம் குறைந்திருக்கும், பனி தொடங்கியதும் மறுபடி கூடியிருக்கும். அப்படி வந்து வந்து போகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருப்பது கரப்பான். டாக்டர்கள் எக்ஸிமா என்று எழுதுவார்கள். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதற்குக் காரணம் நீங்கள்தான். உங்களில் பலர் அன்போடு ஆன்டிபயாடிக் களிம்பு ட்யூப்களை வாங்கி அனுப்புகிறீர்கள். புண்ணில் கிருமி இருக்கிறது, கிருமிக்கு மருந்து வேண்டும் என்பது உங்கள் நினைப்பு. அது தப்பான நினைப்பு அல்ல, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொன்னால் உங்கள் காணிக்கை இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்கு கன்னத்திலும் தலையிலும் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டும். வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, மணிக்கட்டு. சொறிந்து சொறிந்து தோல் யானைத் தோல்போல் தடித்துவிடும். இது சிரங்கு அல்ல. சிரங்கு ஒரு சிறு பூச்சியால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். கரப்பான் பரவாது. அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சினாலும், அதன் துண்டை உபயோகித்தாலும் உங்களுக்குக் கரப்பான் வரப்போவதில்லை.

அப்படியானால் அந்தப் புண்ணில் கிருமி இல்லையா? இருக்கிறது. 1880-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் சீழை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கொத்துக் கொத்தாய்த் திராட்சைபோல் நின்ற கிருமிகளைக் கண்டார். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ஸ்டாஃபிலி என்றால் திராட்சைக் கொத்து. அந்த வகையில் பொன்னிறமாய் வளருவதற்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று பெயர். நம் வசதிக்கு 'ஸ்டாஃப்' என்றே வைத்துக்கொள்ளுவோம். ஆரோக்கியமாய் இருக்கிறவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது மூக்குக்குள் குடியிருக்கும். இந்தக் கூடத்தில் அதைச் சுமந்து வந்திருப்பவர்கள் எத்தனை பேரோ! நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் 1974-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் கரப்பான் புண்களைச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது புண்களுக்கு மேல் இந்த ஸ்டாஃப் இருந்தது.

உங்கள் மூக்கில் சும்மா இருக்கிற கிருமி அந்தப் பிள்ளையின் தோலில் மட்டும் ஏன் இப்படிக் கூட்டம் போடுகிறது?

நல்ல தோல், காரை பூசிய சுவர் மாதிரி. செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு காரை. கரப்பான் உள்ள பலருக்கு இந்தச் சுவர் பிறப்பிலேயே பலவீனம். 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள், ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். கரப்பான் உள்ள எல்லோருக்கும் அந்தக் குறை இருக்கிறது என்பதில்லை. ஆனாலும் அது ஒரு பெரிய கதவைத் திறந்தது. அதுவரை கரப்பான் என்றால் ரத்தத்தில் கோளாறு, உள்ளே அழுக்கு என்றே பேசிவந்தோம். சுவரில் விரிசல் இருக்கிறது, ஈரம் வெளியே போய்விடுகிறது, வெளியில் உள்ளது உள்ளே வருகிறது என்று அப்போது விளங்கியது.

இன்னொன்றும் உண்டு. நம் தோல் தானாகவே கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கும். தேவன் படைப்பிலேயே வைத்த மருந்து அது. சோரியாசிஸ் நோயாளியின் புண்ணில் அவை ஏராளமாய் இருக்கின்றன. கரப்பான் புண்ணில் மிகவும் குறைவு என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. சோரியாசிஸ் உள்ளவர் உடம்பெல்லாம் செதில் உதிர்ந்தாலும் அவருக்குச் சீழ் பிடிப்பது அபூர்வம்; கரப்பான் பிள்ளைக்கு அடிக்கடி பிடிக்கும். இரண்டையும் அருகருகே பார்க்கிற எங்களுக்கு நெடுநாளாய்ப் புரியாதிருந்த விஷயம் இது.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஸ்டாஃப் கிருமி தோலைத் தின்பதால் மட்டும் புண் உண்டாவதில்லை. அதைக் கண்டு உடம்பு எழுப்புகிற கலவரமே தோலை அதிகமாகப் புண்ணாக்குகிறது. சாதாரணமாக ஒரு கிருமி வந்தால், அதை அடையாளம் தெரிந்த காவல் செல்கள் மட்டும் எழும்பும்; பல்லாயிரத்தில் ஒன்றுதான் அப்படி எழும்பும். ஸ்டாஃபின் சில விஷங்களோ, அடையாளம் பார்க்காமலே ஐந்தில் ஒரு பங்கு செல்களைக்கூடத் தட்டி எழுப்பக்கூடியவை. நடுராத்திரியில் யாரோ விஷமி கோயில் மணியை அடித்துவிட்டான் என்று வையுங்கள். ஊரே கம்போடு ஓடிவரும். இருட்டில் திருடன் அகப்படமாட்டான். ஊராருடைய நாற்றங்கால்தான் மிதிபடும். தோலில் நடப்பது அதுவே.

அத்தோடு நிற்கவில்லை. அலர்ஜிக்குக் காரணமான ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தூசி, முட்டை, மகரந்தம் இவற்றுக்கு எதிராக அது உண்டாகும் என்று தெரியும். கரப்பான் உள்ள பலருடைய ரத்தத்தில் ஸ்டாஃபின் விஷத்துக்கு எதிராகவே ஐ.ஜி.இ. இருக்கிறது என்று அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர்கள் 1993-இல் காட்டினார்கள். அதாவது பிள்ளைக்குத் தன் தோலில் குடியிருக்கும் கிருமியே அலர்ஜி! முட்டையை ஒதுக்கலாம், தூசியைத் தட்டலாம். தன் தோலை விட்டு எங்கே ஓடும்?

அரிப்பைப் பற்றி 2023-இல் ஒரு புதுச் செய்தி வந்தது. இந்தக் கிருமி விடுகிற ஒரு நொதி தோலின் நரம்பை நேரடியாகவே தூண்டி அரிப்பு உண்டாக்குகிறது என்று எலிகளில் கண்டார்கள். பிள்ளை சொறியும், சொறிந்தால் சுவர் இன்னும் உடையும், உடைந்த இடத்தில் கிருமி இன்னும் ஒட்டும். "சொறியாதே, சொறியாதே" என்று நாள் முழுதும் கையைத் தட்டிவிடுகிற தாய்மார்களிடம் இதைச் சொல்லுகிறேன். அது பிள்ளையின் பிடிவாதம் அல்ல அம்மா.

நமது ஊழியத்தை நெடுநாளாய்த் தாங்கி வருகிற பெரியவர்களுக்கு இது முற்றிலும் புதிதாக இருக்காது. தொழுநோயாளிகளுக்கு வரும் 'ரியாக்ஷன்' பற்றி அறிந்திருப்பீர்கள். 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை உலகெங்கும் வந்தபின் கிருமியைக் கொல்லுவது எளிதாயிற்று. ஆனாலும் செத்த கிருமியின் துணுக்குகளை எதிர்த்து உடம்பு பொங்கி எழுந்து, நரம்பைக் கெடுத்து, கை விரல்களை மடக்கிவிடுவது இன்றும் உண்டு. அப்போது இன்னும் அதிகக் கிருமிகொல்லி கொடுத்து என்ன பயன்? ப்ரெட்னிசோலோன் கொடுத்து அந்தப் பொங்குதலைத் தணிக்கிறோம். தொழுநோய் தோலின் உணர்ச்சியைப் பறிக்கிறது. கரப்பானோ தூங்கவிடாத அளவுக்கு உணர்த்துகிறது. நோய் வேறு வேறு; ஆனால் கிருமி ஒன்று, கிருமிக்கு எதிரான கலவரம் இன்னொன்று என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

சரி, ஆன்டிபயாடிக் களிம்புக்கு வருவோம். 2017-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. லேசாகக் கிருமி தொற்றியதுபோல் தோன்றிய கரப்பானுடன் 113 சிறு பிள்ளைகள். சிலருக்கு வாய்வழி ஆன்டிபயாடிக், சிலருக்கு ஆன்டிபயாடிக் களிம்பு, சிலருக்கு இரண்டும் போலி மருந்து. எல்லோருக்கும் ஸ்டீராய்டு களிம்பும் எண்ணெய்ப் பசையும் கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் வாங்கிய பிள்ளைகளுக்கு மேலதிக நன்மை எதுவும் தெரியவில்லை. கடுமையாய்ச் சீழ் பிடித்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாறாக, கலவரத்தைத் தணித்தால் கிருமி தானாகக் குறைகிறது. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கரப்பான் கிளம்பும்போது தோலில் ஸ்டாஃப் பெருகி மற்ற நல்ல கிருமிகள் ஒடுங்குவதையும், சிகிச்சை செய்தபின் அவை திரும்புவதையும் கண்டார்கள். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் என்ற ஊசி, கிருமியைத் தொடுவதே இல்லை. உடம்பின் அலர்ஜிக் கட்டளையை மட்டும் தடுக்கிறது. அதைப் போட்டவர்களின் தோலிலும் ஸ்டாஃப் குறைந்துபோகிறது. அந்த ஊசியின் விலை நம் நோயாளிகளின் கைக்கு எட்டாதது. அதற்காக உங்களிடம் கையேந்த நான் வரவில்லை. அது கற்றுத்தருகிற பாடம் இலவசம், அதை எடுத்துக்கொள்ளுவோம்.

தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் களிம்பைப் பூசினால் நஷ்டமும் உண்டு. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. நாளைக்கு அதே பிள்ளைக்கு உண்மையாகவே சீழ் வைத்து, காய்ச்சல் அடித்து வரும்போது எங்கள் கையில் இருக்கும் ஆயுதம் மழுங்கியிருக்கும். ஆகையால் தயவுசெய்து அந்த ட்யூப்களை இனி அனுப்ப வேண்டாம்.

எப்போது ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவை என்பதையும் கேளுங்கள், உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. தேன் நிறத்தில் பொருக்கு, சீழ்க் கொப்புளம், சிவப்பு வேகமாய்ப் படர்தல், தொட்டால் சூடு, காய்ச்சல். இவை இருந்தால் தாமதம் வேண்டாம். இன்னொன்று அதைவிட அவசரம்: ஒரே அளவான சிறு சிறு கொப்புளங்கள் கும்பலாய் வந்து, உடைந்து, குத்தி எடுத்ததுபோல் குழிந்து, பிள்ளை காய்ச்சலில் துவண்டு கிடந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். உதட்டோரம் அக்கிக் கொப்புளம் உள்ளவர்கள் கரப்பான் பிள்ளையை முத்தமிடக்கூடாது. தாத்தா பாட்டியானாலும் சரி.

அப்படியானால் தினப்படி வைத்தியம் என்ன? சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். குளிப்பு, பசை, ஸ்டீராய்டு களிம்பு, துணி. இவ்வளவுதான்.

குளிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிஷம். கிருமிநாசினித் திரவமும் நார்த் தேய்ப்பும் வேண்டாம். ப்ளீச் கலந்த குளியல் பற்றிப் படித்தவர்கள் கேட்கிறார்கள். சிகாகோவில் 2009-இல் 31 பிள்ளைகளிடம் சோதித்துப் பலன் கண்டார்கள். பிற்பாடு 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வெறும் தண்ணீர்க் குளியலும் ஏறக்குறைய அதே பலன் தந்திருந்தது. அங்கே தொட்டியில் அளவாய்க் கலக்கிறார்கள். இங்கே வாளியில் கண்ணளவில் ஊற்றினால் தோல் வெந்துபோகும். நான் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதில்லை.

துடைத்தவுடன் ஈரம் காயுமுன் பசை பூச வேண்டும். இங்கேதான் எங்கள் நர்ஸ் சிஸ்டர்களின் பெரும்பாடு. "பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு வைக்கிறீங்களே பாட்டி, அள்ளிப் பூசுங்க" என்று சிஸ்டர் சொன்னால், "அள்ளிப் பூசினா ரெண்டு நாள்ல தீர்ந்திருமேம்மா, அப்புறம் யாரு வாங்கித் தருவா?" என்று பாட்டி கேட்கிறார். பாட்டியின் கணக்குத் தப்பில்லை. உடம்பெல்லாம் கரப்பான் உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராமாவது பசை வேண்டும். கடையில் கிடைக்கும் சிறு ட்யூபில் 25 கிராம் என்று வைத்தால் வாரம் பத்து ட்யூப். கூலி வேலை செய்கிற வீட்டில் இது நடக்குமா?

ஆனால் விலையுயர்ந்த கிரீம் தேவையே இல்லை. இங்கிலாந்தில் 550 பிள்ளைகளை வைத்து லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் நான்கையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது; பலனில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. பிள்ளைக்குப் பிடித்து, தினமும் பூச முடிகிறதே நல்லது. நாங்கள் வெள்ளை பாரஃபினை பெரிய டின்னில் வாங்கி, மூடி போட்ட டப்பாவில் நிரப்பிக் கொடுக்கிறோம். கூடவே ஒரு ஸ்பூன். விரலை விட்டு எடுத்தால் டப்பாவுக்குள்ளேயே ஸ்டாஃப் குடியேறும் என்பதால்தான் ஸ்பூன். பாரஃபின் ஊறிய துணி தீயில் சட்டென்று பற்றும். அடுப்பங்கரைக்குப் போக வேண்டாம் என்று டப்பாவின் மேல் படம் ஒட்டுகிறோம்.

தேங்காய் எண்ணெய் ஆகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுத்தமானதாய் இருந்தால் நன்றாக ஆகும். பிலிப்பைன்ஸில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் வயதுவந்த 52 நோயாளிகளுக்குப் பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய், மீதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெய். தேங்காய் எண்ணெய்ப் பக்கத்தில் ஸ்டாஃப் இருந்த 20 பேரில் ஒருவருக்கே அது கடைசியில் மிஞ்சியது. ஆலிவ் பக்கத்தில் 12 பேரில் 6 பேருக்கு. ஆலிவ் எண்ணெய் தோலின் காரையைக் குலைக்கிறது என்று பிறகு இங்கிலாந்திலும் கண்டார்கள். ஜெபித்து நெற்றியில் தொட்டு வைக்கிற ஒலிவ எண்ணெயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பெல்லாம் தேய்க்கிறதைத்தான் நிறுத்தச் சொல்லுகிறேன்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களும் உண்டு, பயமே இல்லாமல் முகம் வெளுக்க என்று மாதக்கணக்கில் பூசிக்கொண்டு தோல் மெலிந்து வருகிறவர்களும் உண்டு. 2018-இல் அரசாங்கம் பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டுப் பட்டியலில் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் கரப்பான் பிள்ளைக்கு அதுவே அந்தக் கலவரத்தை அடக்குகிற தண்ணீர். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். அது பெரியவரின் விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். இந்த அளவை ஒரு தாய்க்கு உட்கார்ந்து காட்டிக் கொடுக்க இருபது நிமிஷம் ஆகிறது. கூட்டமான ஓ.பி.யில் டாக்டருக்கு அந்த இருபது நிமிஷம் கிடைப்பதில்லை. சிஸ்டர்தான் செய்ய வேண்டும்.

சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரப்பான் பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாய் நகர்ந்துவிடுகிறார் என்று ஒரு தாய் சொன்னார். லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் குஷ்டம் என்று நம் வேதாகமத்தில் மொழிபெயர்த்திருக்கும் எபிரெயச் சொல் பலவிதமான தோல் கோளாறுகளைக் குறிப்பது என்றும், அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்குக்கூட அதே சொல் வருகிறது என்றும் வேத பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மூன்று வயதுப் பிள்ளையைத் தள்ளி வைப்பது நமக்கு அடுக்காது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து உட்கார வைத்தால், என் ஓ.பி. சீட்டில் எழுத முடியாத மருந்து அது.

வீட்டில் அந்தத் தாய்க்கு வேறு பாடு. கத்திரிக்காய் கரப்பான், கருவாடு கரப்பான் என்று மாமியார் ஒவ்வொன்றாய் நிறுத்தி, பால் கொடுக்கிற தாய் ரசஞ்சோற்றிலேயே மெலிந்து வருகிறாள். சில குழந்தைகளுக்கு முட்டையோ பாலோ உண்மையாகவே ஒத்துக்கொள்ளாது. அதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லுவோம். மற்றபடி அந்தப் பெண்ணைச் சாப்பிட விடுங்கள்.

இப்போது எங்கள் தேவைகளைச் சொல்லுகிறேன். தோல் பிரிவுக்கென்றே ஒரு நர்ஸின் சம்பளம், இதுதான் முதலாவது. பாரஃபின் டின்கள், உங்கள் பெயரில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்துப் பசையை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் விசாரியுங்கள். ராத்திரி தூங்காத பிள்ளைகளுக்காகவும், அவர்களோடு விழித்திருக்கிற தாய்மார்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் கொடுக்கக்கூடியதும் ஒன்று இருக்கிறது. அரிப்பு மிஞ்சிய பிள்ளைக்கு, சீழ் இல்லாதபோது, மருந்து பூசி, ஈரத்துணி சுற்றி, மேலே உலர்ந்த துணி சுற்றித் தூங்க வைக்கிறோம். அதற்குப் பழைய பருத்தி வேட்டியைப்போல் மெத்தென்ற துணி கடையில் கிடையாது. உங்கள் வீட்டில் நைந்த வேட்டிகள் இருந்தால் துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்து அனுப்புங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். கஞ்சியும் போட வேண்டாம்.